கப்பல் டிரிங்க்ஸ் பேக்கேஜ்: முழுப் பணம் கட்டிய பிறகும் கோப்பைக்குக் கோப்பை வரி

டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி மேற்குக் கரீபியன் பக்கம் ஏழு இரவு போய்வரும் கப்பலில் டிரிங்க்ஸ் பேக்கேஜ், அதாவது நாளைக்கு இவ்வளவு என்று முன்னாலேயே கட்டிவிட்டுக் கேட்ட பானத்தை வாங்கிக் குடிக்கும் ஏற்பாடு, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹூஸ்டன், கேட்டி, சுகர்லேண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி வராத வாட்ஸப் குழுவே கிடையாது. பேக்கேஜ் நல்லதா என்றால், நன்றாகக் குடிக்கிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் எல்லாம் அடக்கம் என்று சொல்லி விற்ற அந்தப் பேக்கேஜில், கப்பல் டெக்சாஸ் எல்லைக்குள் இருக்கும்வரை நாங்கள் வாங்கிய ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாக வரி ஏறியது. விற்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

முதலில் விலை. மது அடங்கிய பேக்கேஜ் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 டாலர். அதன் மேல் 18 சதவீதம் கிராஜுவிட்டி, அதாவது ஊழியர்களுக்கான டிப்ஸ். ஏழு நாளைக்குக் கணக்குப் போட்டால் 619 டாலர் 50 சென்ட். ஒரே அறையில் தங்கும் 21 வயது நிரம்பியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்பது இந்தக் கம்பெனியின் விதி. என் மனைவி எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின் எடுப்பாள், அவ்வளவுதான். இருந்தாலும் அவளுக்கும் முழு விலை. அப்பா, அம்மா, 19 வயது மகன் மூவருக்கும் மது இல்லாத பேக்கேஜ், நாளைக்கு 32 டாலர், அதற்கும் 18 சதவீதம். ஐந்து பேருக்கும் சேர்த்து 2,030 டாலரைத் தாண்டியது. கப்பல் டிக்கெட் தனி.

இவ்வளவு பணத்தை முன்னாலேயே கட்டியதற்கு ஒரே காரணம் இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, விலைப்பட்டியலைப் பார்த்து டாலரை ரூபாயாக மாற்றி மாற்றி மனதுக்குள் கணக்குப் போடாமல், கேட்டதை வாங்கிக் குடிக்கட்டும் என்பது. அந்த நிம்மதிக்குத்தான் விலை கொடுத்தேன். அந்த நிம்மதி முதல் நாள் மதியமே போய்விட்டது.

கப்பல் இன்னும் கரையில் கட்டியபடியே இருக்கிறது. மேல்தளத்தில் நீச்சல்குளத்தை ஒட்டிய பாரில் எனக்கு ரம் கலந்த ஒரு மொஹிட்டோ, அம்மாவுக்குப் புதிதாகப் பிழிந்த ஆரஞ்சு ஜூஸ் வாங்கினேன். அறைச் சாவி அட்டையைத் தட்டியதும் கையெழுத்துக்குச் சீட்டு வந்தது. மொஹிட்டோ 14.00. அதன் கீழே பேக்கேஜ் கழிவு 14.00. அதற்கும் கீழே டாக்ஸ் 1.16. மொத்தம் 1.16. ஜூஸுக்கும் அதே மாதிரி: 5.00, கழிவு 5.00, டாக்ஸ் 0.41.

அப்பா நம்ம ஊர் வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ரசீதையும் படிக்காமல் மடிக்கமாட்டார். சீட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "விலையைக் கழிச்சுட்டான். மிச்சம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எந்தக் கணக்குல 1.16 வரி வருது?" என்றார். சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்க எனக்கு அன்று இரவு ஆகிவிட்டது.

வரி எங்கிருந்து வருகிறது என்பது சிக்கலே இல்லை. டெக்சாஸில் மதுக்கடை பாரில் ஊற்றிக் கொடுக்கும் பானத்துக்கு 2014 ஜனவரியிலிருந்து இரண்டு வரி உண்டு. 6.7 சதவீதம் விற்கிறவர் கட்டுவது, 8.25 சதவீதம் வாங்குகிறவர் கட்டுவது. சோடா, குளிர்பானத்துக்கு மாநிலத்தின் 6.25 சதவீதமும் ஊரின் 2 சதவீதமும் சேர்ந்து அதே 8.25. கப்பல் எந்த நாட்டுக் கொடியை ஏற்றியிருந்தாலும் கால்வெஸ்டன் துறையில் நிற்கும்வரை அதற்குள் இருக்கும் பார் டெக்சாஸ் பார்தான். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோது மது விஷயம் மாநிலங்களின் கைக்குப் போனது. நம் நாட்டிலும் மது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அந்தந்த மாநிலம்தான் வரி போடுகிறது. அதனால் அப்பாவுக்கு இந்தப் பகுதி உடனே புரிந்துவிட்டது. "மாநில எல்லை எதுவரைக்கும்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

எல்லை கரையோடு முடியவில்லை. மற்ற பெரும்பாலான கடலோர மாநிலங்களுக்குக் கரையிலிருந்து 3 நாட்டிகல் மைல். டெக்சாஸுக்கு மூன்று மரைன் லீக், அதாவது ஏறக்குறைய 9 நாட்டிகல் மைல். டெக்சாஸ் தனி நாடாக இருந்த 1836-இல் இவ்வளவு தூரம் தன் கடல் என்று சட்டம் போட்டிருந்தது. 1953-இல் வந்த மத்தியச் சட்டமும் 1960-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை ஏற்றுக்கொண்டன. மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஃபுளோரிடாவுக்கும் இதே அளவு உண்டு.

இதைப் பயணக் கணக்கில் சொல்கிறேன். மதியம் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கப்பலில் ஏறுகிறோம். நான்கு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. பெலிக்கன் தீவை ஒட்டிய கால்வாயில் மெதுவாக ஊர்ந்து, பொலிவர் ஃபெரிப் படகுகளைத் தாண்டி, கற்களைக் கொட்டிக் கட்டிய ஜெட்டி இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் இறங்குகிறது. டால்ஃபின்கள் கூடவே வரும். எல்லாரும் கையில் கோப்பையோடு மேல்தளத்தில் நிற்கும் நேரம் அது. அந்த நேரம் முழுக்க வரி ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று எங்களுக்கு அது நின்றபோது மாலை ஆறரை.

நின்றதை எப்படித் தெரிந்துகொள்வது என்று எனக்குச் சொன்னவர் கோவாவிலிருந்து வந்த ஒரு பார்டெண்டர். மகன் மது இல்லாத காக்டெயிலான மாக்டெயில் இரண்டாவது கேட்டபோது, "சார், அவசரம் இல்லேன்னா கேசினோ திறக்கிறவரைக்கும் இருங்க, அப்புறம் டாக்ஸ் வராது" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார். மாநில எல்லைக்குள் கப்பலில் சூதாட்டம் நடத்த முடியாது. வரியில்லாக் கடைகளும் திறக்க முடியாது. அதனால் கேசினோவில் விளக்குப் போட்டால், கடைகளின் ஷட்டர் ஏறினால், வரி எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். இவ்வளவு தெளிவான விஷயத்தை அந்த ஊழியர் தன் அக்கறையில் சொன்னார். கம்பெனி ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து பார் மேசையில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் நானும் கெஸ்ட் சர்வீசஸ் என்ற உதவி மேசை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு குடும்பங்களும் இதே சீட்டைத்தான் கையில் வைத்திருந்தன. மேசையில் இருந்த பெண் பொறுமையாகப் பேசினார். வரி மாநில அரசுக்குப் போகிறது, நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அதனால் தள்ளுபடி செய்ய முடியாது என்றார். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நான் கட்டிய விலைக்குத்தானே வரி வர வேண்டும், பட்டியல் விலைக்கு ஏன் என்று கேட்டேன். பேக்கேஜில் ஒரு கோப்பைக்கு இவ்வளவு பணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் பட்டியல் விலையை வைத்துக் கணக்கிடுகிறோம் என்றார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு 75 டாலர் கொடுத்தவர் எட்டு கோப்பை எடுத்தால் ஒரு கோப்பை அவருக்கு 14 டாலர் ஆவதில்லை, 9 டாலர் 40 சென்ட் அளவில்தான் நிற்கிறது. வரி மட்டும் 14 டாலருக்கு. அப்பா ஒரு வழியும் சொன்னார்: முதல் நாளுக்கு இத்தனை டாலர் துறைமுக வரி என்று ஒரே தொகையாக, பேக்கேஜ் விற்கும்போதே வாங்கிவிடலாமே. அப்படி வாங்கியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம். கிராஜுவிட்டி 18 சதவீதத்தை அப்படித்தான் வாங்கினார்கள். பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தனியாகக் காட்டியிருந்தார்கள், பார்த்துத்தான் கட்டினேன். இந்த வரியோ, விதிமுறைகள் என்ற இணைப்பைத் திறந்து, வயது வரம்பு, கோப்பை பகிரக்கூடாது, பணம் திரும்ப வராது என்பதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில், சில துறைமுகங்களில் உள்ளூர் வரி பொருந்தலாம் என்று ஒற்றை வாக்கியமாகக் கிடக்கிறது. எந்தத் துறைமுகம், எத்தனை சதவீதம், எத்தனை மணிவரை என்று எதுவும் இல்லை. கால்வெஸ்டனிலிருந்து வாரா வாரம் கிளம்பும் கப்பல் அது. தாங்கள் கிளம்பும் துறைமுகத்தின் வரி எவ்வளவு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். "பொருந்தலாம்" என்று எழுத அவசியமே இல்லை, "பொருந்தும்" என்றே எழுதலாம்.

ஒரு விஷயத்தில் அந்த மேசைக்குப் பாராட்டு. எல்லை தாண்டிய பிறகு வாங்கிய ஒரு லாட்டேக்கும் 41 சென்ட் ஏறியிருந்தது. நேரத்தைக் காட்டினேன், ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். ஆகவே சீட்டில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

முதல் நாள் வரி ஐந்து பேருக்கும் சேர்த்து 9 டாலருக்கு அருகில் வந்தது. 2,030 டாலர் கட்டியவனுக்கு 9 டாலர் ஒரு பொருட்டா என்று என் நண்பர்கள் கேட்டார்கள். எனக்குப் பணத்தின் அளவு பொருட்டில்லை. அம்மா அந்த ஆரஞ்சு ஜூஸோடு அன்றைக்கு நிறுத்திக்கொண்டார். "குடிச்சதே ஒரு ஜூஸு, அதுக்கும் தனியா காசா? எனக்குத் தண்ணியே போதும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் நடுக்கடலில், கேசினோ, கடை எல்லாம் திறந்து கிடக்கிறது, வரி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அப்பா ஒவ்வொரு முறையும் பாரில் நின்று, "இதுக்கு டாக்ஸ் உண்டா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு இஞ்சி ஏல் வாங்கினார். வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர்களை ஒரு வாரம் கணக்குப் பார்க்காமல் இருக்க வைப்பது எவ்வளவு பாடு என்று, அப்பா அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை 41 சென்ட் சீட்டு ஒன்று வீணாக்கிவிட்டது. மெக்சிகோவின் கொசுமேல் தீவுக்கு வந்துசேரும்வரை அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கொசுமேல், ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவு இரண்டு இடத்திலும் கப்பல் கரையில் நின்றபோது ஒரு சென்ட் கூட ஏறவில்லை. கொசுமேலில் அதைச் சீட்டில் காட்டிய பிறகுதான் அம்மா மறுபடி ஜூஸ் கேட்டார்.

கடைசி நாள் காலையிலும் கவனமாக இருக்க வேண்டும். விடியும் முன்பே கப்பல் டெக்சாஸ் கடலுக்குள் வந்துவிடுகிறது. ஆறு மணிக்குக் காபிக் கடையில் வாங்கிய கப்புச்சினோவுக்கு மறுபடி 41 சென்ட். இரவே கணக்கு முடிந்துவிட்டது என்று ஆப்பில் வந்த இறுதிப் பட்டியலுக்குப் பிறகு ஏறிய தொகை இது. வங்கி அட்டையில் தனியாக ஒரு பற்று வந்து நின்றது. இறங்கும் இடத்தில் டெக்சாஸ் மதுபான ஆணையத்தின் மேசை இருக்கிறது. வரியில்லாக் கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் மாநில வரி வாங்குவதற்கு. அங்கே இதற்கு இவ்வளவு என்று நேருக்கு நேர் சொல்லி வாங்குகிறார்கள். அரசாங்கத்தால் முடிகிறது.

இது கால்வெஸ்டனுக்கு மட்டும் உரியதல்ல. மயாமியில் ஏறினால் ஃபுளோரிடாவின் 6 சதவீதமும் கவுண்டியின் 1 சதவீதமும் சேர்ந்து 7. ஐரோப்பா போகிறவர்கள் பார்சிலோனாவில் ஏறினால் ஸ்பெயினில் உணவகப் பானங்களுக்கு உள்ள 10 சதவீத வாட் வரி. ஸ்பெயின் துறைமுகங்களையே சுற்றும் பயணத்தில் அது ஒரு மாலையோடு முடியாது, ஒவ்வொரு துறைமுகத்திலும் வரும். ஹவாய்த் தீவுகளை மட்டும் சுற்றிவரும் பயணம் என்றால் அங்கத்திய வரியையும் கேட்டுக்கொள்வது நல்லது. கார்னிவல் என்ற கம்பெனியின் கப்பல்களில் கால்வெஸ்டன், நியூயார்க் இரண்டு இடத்திலும் மதுப் பேக்கேஜ் இரண்டாம் நாளிலிருந்துதான் தொடங்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். முதல் நாள் கிடையாது என்பது வருத்தம்தான், ஆனால் வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். எனக்கு அந்த முறைதான் பிடிக்கிறது.

இனி பானங்களைப் பற்றி. காபிக் கடைதான் இந்தப் பேக்கேஜின் உயிர். எஸ்பிரெசோவை ஒழுங்காக இறக்குகிறார்கள், பாலைக் கருக்குவதில்லை. அம்மா கேட்டபடி சர்க்கரை இல்லாமல், டபுள் ஷாட்டில் பால் குறைத்துக் கொடுத்தபோது, நம்ம டிகாக்‌ஷன் காபிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சாய் லாட்டே மட்டும் வேண்டாம், பாகு மாதிரி இனிக்கிறது. ஆரஞ்சு ஜூஸ் உண்மையிலேயே கண்ணெதிரே பிழிந்தது. மாக்டெயில்களில் மாம்பழமும் மிளகாயும் சேர்த்த ஒன்றை மகன் தினமும் வாங்கினான். தண்ணீர் பாட்டிலைக் கேட்டால் இரண்டாகவே கொடுக்கிறார்கள், கரையில் சுற்றப் போகும் நாளில் அது பெரிய உதவி.

காக்டெயில் பக்கம் சுமார். நீச்சல்குளத்து பாரில் மொஹிட்டோவுக்குப் புட்டியில் வரும் எலுமிச்சைக் கலவையை ஊற்றுகிறார்கள். புதினாவை நசுக்கக் கூட நேரம் இல்லை, அவ்வளவு கூட்டம். அதே மொஹிட்டோவை உள்ளே, ஐந்தாவது தளத்தில் இருக்கும் சின்ன பாரில் கேட்டால் எலுமிச்சையை வெட்டிப் பிழிந்து செய்கிறார்கள். முதல் நாள் கரையில் நிற்கும்போது விஸ்கி, ரம் வகைகளும் குறைவாகவே இருந்தன. டெக்சாஸ் விதிப்படி அங்கே விற்க அனுமதி உள்ள சரக்கை மட்டும் திறக்கிறோம் என்றார்கள். ஆக, வரியும் அதிகம், தேர்வும் குறைவு. ஊழியர்களில் ஒருவரைக்கூடக் குறை சொல்லமாட்டேன். இரண்டாம் நாளிலேயே அப்பாவுக்கு ஐஸ் இல்லாமல் வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தார்கள்.

கால்வெஸ்டனில் ஏறப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் மதியம் பஃபேயில் தண்ணீர், எலுமிச்சைப் பானம், ஐஸ் டீ, சாதாரணக் காபி எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம், அவற்றுக்கு அட்டையைத் தட்டவே வேண்டாம், வரியும் இல்லை. கேசினோ திறக்கும்வரை அதிலேயே சமாளிக்கலாம். கடைசி நாள் காலைக் காபியையும் பஃபேயிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், ஏறும் முன்பே வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் டாக்ஸ் வரும், அப்புறம் வராது என்று. எங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அம்மா அந்த ஒன்றரை நாளைத் தண்ணீரோடு ஓட்டியிருக்கமாட்டார்.

ஊருக்கு வந்ததும் கம்பெனியின் கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பேக்கேஜ் விற்கும் பக்கத்தில், கிராஜுவிட்டிக்குக் கீழே, "கால்வெஸ்டன் துறைமுகத்திலும் டெக்சாஸ் கடல் எல்லைக்குள்ளும் 8.25 சதவீத வரி தனி" என்று சேர்க்கச் சொன்னேன். பார் மேசைகளில் ஒரு அட்டையும் வைக்கச் சொன்னேன். நன்றி, உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. விற்கும் பக்கத்தை நேற்றும் திறந்து பார்த்தேன், இன்னும் சேர்க்கவில்லை.

மது இல்லாத பேக்கேஜுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், காபிக்காகவும் ஜூஸுக்காகவும். மதுப் பேக்கேஜுக்கு இரண்டரை. அறையில் இரண்டு பேரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு அது கட்டாது. அடுத்த தடவை நான் கோப்பைக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கப் போகிறேன். அப்பா அம்மாவுக்கு மறுபடியும் ஜூஸ், காபி பேக்கேஜ்தான்.